மலை இறங்காத பழம்

பீச் பழத்துக்கு எங்கள் ஊரில் பெரிய மரியாதை இருந்ததில்லை. கொடைக்கானல் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பிளம்ஸும் பேரிக்காயும்தான். ஏரிக்கரையிலும் பேருந்து நிலையத்திலும் கூறு கட்டி விற்பது அவற்றைத்தான். பேரிக்காயைச் சாக்கில் கட்டி லாரியில் எறிந்தாலும் மதுரைவரை அலுங்காமல் போய்ச் சேரும். பிளம்ஸைக் கொஞ்சம் செங்காயாகப் பறித்தால் கூடையில் தாக்குப்பிடிக்கும். பீச் அந்த ஜாதியில்லை. பழுத்த பழத்தில் பெருவிரல் பட்டால் தடம் விழும். மறுநாள் அந்தத் தடம் கறுத்துவிடும். மலைப்பாதையின் வளைவெல்லாம் சுற்றி வத்தலக்குண்டுக்கு இறங்குவதற்குள் கூடையின் அடியில் சாறு கசியும். அதனால் வியாபாரிகள் அதைத் தொடத் தயங்கினார்கள். விலை போகாததால் அது வீட்டுப் பழமாக நின்றுவிட்டது. நாங்கள் தின்றோம், அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம், மிச்சத்தைக் கொண்டைக்குருவிகள் பார்த்துக்கொண்டன.

எனக்கு இப்போது சென்னை வாசம். இங்கே காசு கொடுத்தால் எந்த ஊர்ப் பழமும் கிடைக்கும். ஆனாலும் வருஷா வருஷம் அந்த மரத்தின் நினைப்பு வந்து பிடித்துக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், அது பழக்காலமான வைகாசியில் வருவதில்லை, மார்கழியில் வருகிறது. ஊரே கோலம் போட்டுக்கொண்டிருக்க, மின்விசிறியை இரண்டில் வைத்துப் படுத்திருக்கும் ராத்திரிகளில் வருகிறது. பீச் பழம் உண்டாவதே மார்கழிக் குளிரில்தான் என்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த மாதத்தில்தானே நாக்கு ஊறும்?

வில்பட்டிப் பக்கம் ஒரு சரிவில் தாத்தாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மேலே பேரி மரங்கள், கீழே படிக்கட்டு வயலில் உருளைக்கிழங்கு, பூண்டு, பீன்ஸ் என்று மாறி மாறி ஒரு வெள்ளாமை. வீட்டுக்குப் பின்னால், அடுப்படி ஜன்னலுக்கு நேரே அந்த ஒற்றைப் பீச் மரம். பெரிய மரமில்லை. நடுவில் வெயில் இறங்க வேண்டும் என்று தாத்தா அதன் கிளைகளை நாலு பக்கமும் விரித்து விட்டிருந்தார். வருஷம் தவறாமல் கவாத்து பண்ணுவார். பச்சைக் கொப்பை இப்படி வெட்டுகிறாரே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பீச் மரம் போன வருஷம் விட்ட புதுக் கொப்பில்தான் இந்த வருஷம் காய்க்கும். ஒரு தடவை காய்த்த கொப்பு மறுபடி காய்க்காது. வெட்டாமல் விட்டால் காய்ப்பு வருஷத்துக்கு வருஷம் உச்சிக்கு ஏறிக்கொண்டே போய்விடும். வெட்டுக்காயத்தில் தேன் நிறத்தில் பிசின் முத்து முத்தாகத் துளிர்க்கும். அதை உருட்டி விளையாடாத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது.

ஐப்பசியும் கார்த்திகையும் எங்களுக்கு அடைமழை. பழனி மலைக்கு வாரிக் கொடுப்பது வடகிழக்குப் பருவமழைதான். அந்த மழையில் மரத்துக்கு இரண்டு கவலை. வேரில் தண்ணீர் தேங்கினால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். பேரிக்கு இருக்கும் பொறுமை பீச்சுக்கு இல்லை. அதற்காகத் தாத்தா மரத்துக்கு மேல்புறம் வாய்க்கால் இழுத்து, தண்ணீரைப் பக்கத்துச் சரிவுக்குத் திருப்பிவிடுவார். இன்னொன்று இலை. குளிர் நாடுகளில் பகல் சுருங்கச் சுருங்க மரம் தானாகவே இலையை உதிர்த்துவிட்டு உறங்கப் போகிறது. எங்கள் மலை இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 10 டிகிரி வடக்கில். பகலின் நீளம் ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறாது. தூங்கு என்று மரத்துக்குச் சொல்ல ஆளில்லை. கார்த்திகை தீபம் முடிந்த பிறகும் பாதி இலை பச்சையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். தாத்தா ஏணி போட்டு அதைக் கையால் உருவிவிடுவார். கீழ்க்கொப்புகள் பேரப்பிள்ளைகளின் பங்கு.

கிழக்கு ஜாவாவில் பத்து என்றொரு மலையூர் இருக்கிறது. அங்கே ஆப்பிள் விவசாயிகளும் கையால்தான் இலை உருவுகிறார்கள். அவர்கள் ஊரில் குளிரே போதாது; அதனால் அறுவடை முடிந்த கையோடு உருவி, மரத்தை உறங்கவிடாமலே அடுத்த பூவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். தாத்தா உருவியது உறங்க வைக்க. ஒரே வேலைதான், அங்கே எழுப்புவதற்கு, இங்கே தாலாட்டுவதற்கு. இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் சில டிகிரிக் குளிர்.

மார்கழி பிறந்ததும் தாத்தா சாயங்காலத்தில் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். மேகம் மூடியிருந்தால் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுவார். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அடங்கிக் கிடந்தால், "இன்னைக்குப் பனி இறங்கும் ஆத்தா, கம்பளியை நல்லா இழுத்துப் போத்திக்க" என்பார். அவர் கணக்கு தப்பியதாக எனக்கு நினைவில்லை. மேகம் இருந்தால் பூமியின் சூடு மேலே போகாமல் தங்கும். வானம் வெளுத்திருந்தால் அத்தனையும் ஏறிப் போய்விடும். அப்படிக் குளிர்ந்த காற்று கனத்துப்போய், தண்ணீரைப் போல சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் காலையில் ஏரியைச் சுற்றியும் ஜிம்கானா மைதானத்திலும் புல் வெள்ளையாகக் கிடக்க, உயரத்தில் இருக்கும் அப்சர்வேட்டரி மேட்டில் அவ்வளவு இருக்காது. 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தைக் கண்டறிந்தது அந்த மேட்டில்தான். கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரம். உயரப் போகப் போகக் குளிர் கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். உறைபனி இரவில் அந்தப் பாடம் தலைகீழாகிவிடும்.

தாத்தா பீச் மரத்தைப் பள்ளத்திலும் வைக்கவில்லை, மேட்டிலும் வைக்கவில்லை. பள்ளத்தில் வைத்தால் பனி தேங்கிப் பூவைப் பொசுக்கும். மேட்டில் வைத்தால் காற்று பிய்த்துவிடும். நடுச்சரிவில் வைத்தார். அங்கே குளிர் வரும், ஆனால் தங்காமல் கீழே இறங்கிப் போய்விடும்.

பீச் மரம் குளிரை என்னதான் செய்கிறது? மொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவாகி, மூடிய செதில்களுக்குள் உட்கார்ந்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் பூட்டு ஒன்று திறந்தால்தான் அவை மலரும். அதைத் திறக்கும் சாவி குளிர்தான், அதுவும் மணிக்கணக்கில். உறைநிலைக்கு மேல் சுமார் 7 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருக்கும் குளிரை மொட்டு ஒவ்வொரு மணி நேரமாகச் சேர்த்து வைக்கிறது. தன் ரகத்துக்குரிய கணக்கு நிறைந்த பிறகுதான், வெயில் ஏறும்போது அது கண் திறக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1870களில் உருவான எல்பர்ட்டா என்ற புகழ்பெற்ற ரகம் 800 மணி நேரத்துக்கு மேல் கேட்கும். எங்கள் மலையில் அது நடக்காத கதை. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபுளோர்டாபிரின்ஸ் மாதிரியான ரகங்களுக்கு 150 மணி நேரமே போதும். பஞ்சாப் சமவெளியில்கூட அது காய்க்கிறது. எங்கள் வீட்டு மரம் என்ன ரகம் என்று யாரும் கேட்டதில்லை. 'பீச் மரம்' என்பதுதான் அதன் பெயர். கொடைக்கானலில் காய்த்ததால் அது கொஞ்சக் குளிரோடு திருப்திப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது மட்டும் நிச்சயம்.

குளிரைச் சேர்ப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. யூட்டா மாநில ஆய்வாளர்கள் 1974இல் வகுத்த கணக்கின்படி, பகல் வெப்பம் 16 டிகிரியைத் தாண்டினால் மொட்டு சேர்த்ததில் ஒரு பங்கு கழிந்துவிடும். ராத்திரி சம்பாதித்ததைப் பகல் செலவழித்துவிடுகிறது. வெயில் நேராக விழும் எங்கள் மலையில் மார்கழிப் பகலும் சுள்ளென்றுதான் இருக்கும். அப்படியானால் மரத்துக்கு நல்ல நாள் எது? எங்களுக்குப் பிடிக்காத நாள். காலையிலிருந்து மஞ்சு இறங்கி, எதிர்வீட்டுக் கூரை தெரியாமல், துவைத்துப் போட்ட துணி மூன்று நாளாகியும் காயாமல், பிள்ளைகளெல்லாம் அடுப்புக்கு முன்னால் முடங்கிக் கிடக்கும் நாள். அன்று பகல் சூடேறாது. ராத்திரிச் சேமிப்பு அப்படியே இருக்கும். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கிலும் குளிர்காலத்து மூடுபனிதான் பழமரங்களின் மொட்டைக் காக்கிறது; அந்த மூடுபனி குறைந்துவருவது அங்கே பெரிய கவலை. நாங்கள் அப்பத்தாவிடம் "எப்பத்தான் வெயில் வரும்?" என்று நச்சரித்த நாட்களில், ஜன்னலுக்கு வெளியே மொட்டையாக நின்ற மரம் கமுக்கமாகச் சேர்த்துக்கொண்டிருந்தது.

தையில் பூக்கும். இலை ஒன்றுகூட இல்லாத கொப்பில் பூ மட்டும். கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் அந்த ஏற்பாடு தெரியும். கொப்பின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று மொட்டுகள். இரண்டு பக்கமும் உருண்டையாக, சாம்பல் ரோமம் போர்த்த பூமொட்டுகள். நடுவில் ஒல்லியாக, கூராக ஓர் இலைமொட்டு. பக்கத்து இரண்டும் முதலில் திறக்கும். இளஞ்சிவப்பில் ஐந்து இதழ், அடிப்பக்கம் கொஞ்சம் அடர்த்தியான நிறம், நடுவில் மகரந்தத் தாள்கள் சிதறி நிற்கும். பூ உதிரத் தொடங்கும்போதுதான் நடுவில் இருப்பது இலை நுனியை நீட்டும். பெரும்பாலான பீச் ரகங்களுக்குத் துணை மரம் வேண்டாம், தன் மகரந்தத்திலேயே பிடிக்கும். ஒற்றை மரம் வைத்து நாங்கள் பழம் தின்றது அந்தப் புண்ணியத்தில்.

குளிர் ஏமாற்றிய வருஷங்களும் உண்டு. அப்போது இந்த ஒழுங்கு குலைந்துவிடும். ஒரு கொப்பு பூத்து முடித்துக் காய் பிடித்திருக்கும்; இன்னொன்று அப்போதுதான் மொட்டு விடும்; நடுக்கொப்பெல்லாம் வெறுமையாக, நுனியில் மட்டும் ஒரு பிடி இலை. மொட்டு பாதி திறந்து உதிரும். பிடித்த காய்களிலும் சில பெருக்காமல் பித்தான் அளவிலேயே நின்றுவிடும். வளர்ந்தவையும் நுனியில் மூக்கு நீண்டு கோணலாக இருக்கும். "மரம் தூக்கம் கெட்டுப் போச்சு" என்பார் தாத்தா. 2017இல் ஜார்ஜியாவில் நடந்ததும் அதுதான். குளிர்காலம் வெதுவெதுப்பாகப் போய், விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இல்லாமல் போயிற்று. 2023இல் நிலைமை இன்னும் மோசம். பிப்ரவரிச் சூட்டை நம்பி மரங்கள் முன்கூட்டியே பூத்துவிட, மார்ச்சில் உறைபனி வந்து தீய்த்தது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பறிபோனது. வண்டி நம்பர் பலகையிலேயே பீச் பழத்தைப் போட்டுக்கொள்ளும் மாநிலம் அது.

பூ விரிந்த பிறகு குளிர் நண்பனில்லை. உறங்கும் மொட்டு எவ்வளவோ தாங்கும். விரிந்த பூ அப்படியில்லை. மைனஸ் 3 டிகிரியை நெருங்கும்போது பத்துக்கு ஒன்று சாகும், மைனஸ் 4.5 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒன்பது போய்விடும். ஒன்றரை டிகிரிக்குள் ஒரு வருஷத்துப் பழம் இருக்கிறது. தை மாதத்தில் பலத்த பனி விழுந்த காலைகளில், தாத்தா டீகூடக் குடிக்காமல் மரத்தடிக்குப் போவார். ஒரு பூவைப் பறித்து நகத்தால் கீறி நடுவைப் பார்ப்பார். சூல் பச்சையாக இருந்தால் பூவைக் காதில் செருகிக்கொண்டு வருவார். கறுத்திருந்தால் வெறுங்கையோடு வருவார். அடுப்படியில் இருந்து எட்டிப் பார்க்கும் அப்பத்தாவுக்கு வாய் திறந்து கேட்க வேண்டிய தேவையே இருக்காது. இலை துளிர்க்கும் நேரத்தில் மழையும் குளிருமாக நசநசத்தால் வேறொரு தொந்தரவு: இலை சிவந்து, தடித்து, கொப்புளம் கொப்புளமாகச் சுருண்டுவிடும். பூஞ்சை வேலை. இளம்பிள்ளைகளுக்கு அம்மை வருவதாகச் சொல்லி அப்பத்தா வேப்பிலைக்கு ஆள் அனுப்பப் பார்ப்பார். எங்கள் மலையில் வேம்பு ஏது?

மாசியில் காய் பிடித்ததும் அப்பத்தாவின் ராஜ்ஜியம். ஒரு சாண் கொப்பில் ஏழெட்டுக் காய் இருந்தால் ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிப் போட்டுவிடுவார். "எல்லாத்தையும் வச்சா எல்லாம் சவலை" என்பது அவர் சட்டம். காய் முதல் சில வாரம் விறுவிறுவென்று வளரும். பிறகு திடீரென்று நின்றுவிடும். மரத்துக்கு என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் தினமும் போய்ப் பார்ப்போம். அப்போது உள்ளே கொட்டை இறுகிக்கொண்டிருக்கும். அது முடிந்ததும் கடைசி நாலைந்து வாரம் மறுபடி ஊதும். பழத்தின் எடையில் பெரும்பங்கு சேர்வது அந்தக் கடைசி ஓட்டத்தில்தான். அந்தச் சமயம் மண் காய்ந்தால் பழம் சிறுத்துவிடும். அதற்காகத் தண்ணீரைக் கொட்டினாலும் கெட்டது. பழம் பெருக்கும், ருசி கரைந்துவிடும்.

முதல் மாதத்து வெப்பமும் பழத்தைத் தீர்மானிக்கிறது. பூத்த கையோடு வெயில் கொளுத்தினால் காய் அவசரப்பட்டு முற்றும். உடம்பு சேர்க்க நாள் போதாமல் சிறுத்தே பழுக்கும். எங்கள் மலையில் அந்த அவசரம் கிடையாது. மதுரையில் பங்குனி வெயில் தார் உருக்கும்போதுகூடக் கொடைக்கானல் பகல் 20 டிகிரி அக்கம்பக்கத்தில்தான் நிற்கும். காய் நிதானமாக வளரும். ராத்திரி குளிர்ந்து கிடப்பதால் பகலில் இலை சமைத்த சர்க்கரையை மரம் சுவாசத்தில் கரைத்துவிடாமல் வைத்திருக்கும். புளிப்பும் சீக்கிரம் இறங்காது. இனிப்பு ஏறியும் புளிப்பு விடாமல் நிற்கும் அந்த ருசி இப்படி வந்ததுதான்.

சித்திரையில் கோடை மழை வரும், சில நாள் ஆலங்கட்டியோடு. தகரக் கூரையில் அது தடதடக்கும்போது நாங்கள் பொறுக்கித் தின்ன ஓடுவோம். தாத்தா மரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டுவார். பிஞ்சில் பட்ட அடி பழத்தில் தழும்பாகத் தங்கும், அந்த இடம் கடைசிவரை கெட்டியாகவே இருக்கும். பழுக்கும் வாரத்தில் மழை பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம். பழத்தில் சாம்பல் பூசணம் வட்ட வட்டமாகப் படர்ந்து, இரண்டே நாளில் பழுப்பாக அழுகும். ஒன்றைத் தொட்ட பழம் இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். தப்பித்த பழமும் சப்பென்றிருக்கும்.

மழை விலகி, வானம் வெளுத்து, காலை வெயில் நேராக விழுந்து, ராத்திரி குளிர்ந்த வைகாசி வாய்த்துவிட்டால் அந்தப் பழமே வேறு. கிழக்குப் பார்த்த கன்னம் குங்குமமாகச் சிவந்திருக்கும். இலை மூடிய பக்கம் வெளிர் மஞ்சள். கையில் எடுத்தால் ரோமம் உள்ளங்கையில் உறுத்தும். அப்பத்தா முந்தானையில் ஒரு தேய் தேய்த்துக் கொடுப்பார். பல் படுவதற்கு முன்பே தோல் விட்டுக் கொடுக்கும். சாறு முழங்கைக்கு வழியும். கொட்டையை ஒட்டிய சதையில் சிவப்பு நரம்பு ஓடியிருக்கும், அங்கேதான் புளிப்பு. அதையும் உறிஞ்சிவிட்டுக் கொட்டையைச் சரிவில் எறிவோம், யாருடையது தூரம் போகிறது என்று. கழுத்தெல்லாம் ரோமம் பட்டு அரிக்கும். அரிப்பும் அந்தப் பழத்தில் சேர்த்திதான்.

திண்டுக்கல்லில் இருந்த சின்னத்தாத்தா வீட்டுக்குத் தாத்தா வருஷம் ஒரு பெட்டி அனுப்புவார். வைக்கோல் பரப்பி, பழத்தைத் தனித்தனியாகத் தினத்தந்தியில் சுற்றி, பஸ் கண்டக்டரிடம் நூறு தடவை சொல்லி. பதிலுக்கு வரும் கடிதத்தில் 'பழம் கிடைத்தது, மிக்க மகிழ்ச்சி' என்று இருக்கும். சின்னப்பாட்டி நேரில் வரும்போது உண்மை வெளிவரும்: பாதி கூழ். கூழான பாதியில் சர்க்கரை போட்டுக் கிண்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததாகச் சொல்லுவார். தாத்தா அதற்கும் சளைக்காமல் மறுவருஷம் பெட்டி கட்டுவார். மதுரையில் கொட்டை போட்டு முளைக்க வைத்த அத்தை ஒருவரும் உண்டு. ஆளுயரம் வளர்ந்து, பச்சைப்பசேலென்று நின்று, ஒரு பூகூடப் பூக்காமல் செத்தது. அது குறையுள்ள செடி இல்லை. மதுரையில் அதற்குக் கிடைத்த குளிர் பூஜ்யம் மணி நேரம்.

சென்னையில் பீச் கிடைக்கிறது. நுரைவலை போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, குளிர்பெட்டியில் வரிசையாக. நிறம் கச்சிதம். கடித்தால் சாறில்லாமல் மாவாக உதிரும். கடைக்காரர் மேல் தப்பில்லை. பீச் பழத்தில் மாவுச்சத்துச் சேமிப்பு கிடையாது. காயாகப் பறித்தால் பிற்பாடு மெத்தென்று ஆகுமே தவிர, இனிப்பு ஏறாது. அதுகூடப் பரவாயில்லை. தூரப் பயணத்துக்காக அதைக் குளிரூட்டிய பெட்டியில் வைக்கிறார்கள். 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்கும் குளிர்தான் பீச் சதையை அதிகம் கெடுப்பது. அதில் வாரக்கணக்கில் இருந்தால், வெளியே எடுத்துப் பழுக்கும்போது சதை சாறு விடாமல் உலர்ந்துபோகும். எந்தக் குளிருக்காக மரம் மார்கழி முழுக்கக் காத்துக் கிடந்ததோ, கிட்டத்தட்ட அதே குளிர் பழத்தின் எமனாகிவிடுகிறது. அந்தக் குளிரை மரத்தில்தான் ஏற்றலாம், பழத்தில் ஏற்ற முடியாது. வாங்குகிறவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலும் திணிக்காமல் இரண்டு நாள் வெளியே வைத்துத் தின்றால் கொஞ்சம் தேவலை.

தாத்தா போய்விட்டார், அப்பத்தாவும். நிலம் பங்காகிக் கைமாறி, பீச் மரம் நின்ற இடத்தில் இப்போது தங்கும் விடுதியின் வண்டிகள் நிற்கின்றன. அதற்காக நான் யாரையும் சபிக்கவில்லை. யாரும் விற்காமல், யாரும் வெட்டாமல் இருந்திருந்தாலும் அந்த மரம் இன்றைக்கு இருந்திருக்காது. பேரி மரம் தலைமுறை தாண்டும். பீச் மரத்தின் ஆயுள் பதினைந்து இருபது வருஷம்தான். நான் மலை இறங்கியபோதே அதன் பட்டை வெடித்துப் பிசின் அதிகமாகக் கசியத் தொடங்கியிருந்தது. ஆகவே என் ஏக்கம் அந்த மரத்தின் மேல் இல்லை என்று தெரிகிறது. மரம் போனால் கொட்டை இருக்கிறது, மறுபடி வைக்கலாம். மறுபடி வைக்க முடியாதது, மொட்டு ஒவ்வொன்றாக எண்ணிச் சேர்த்துக்கொள்ளும்படி ராத்திரி தோறும் நிதானமாக வந்து இறங்கிய அந்தக் குளிர்.

கொடைக்கானல் உறவுக்காரர்கள் போனில் பேசும்போது, முன்ன மாதிரி குளிர் இல்லை என்கிறார்கள். பெரியவர்கள் எந்தக் காலத்திலும் சொல்லும் பேச்சு அது என்று தள்ளலாம். ஆனால் கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்துக் குளிர் மணிநேரம் 1950லிருந்தே குறைந்துவருவதையும், இந்த நூற்றாண்டு முடிவதற்குள் பல பழமரங்களுக்கு அது போதாமல் போகும் என்பதையும் 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அங்கே குறையும் குளிர் இருந்து குறைகிறது. எங்கள் மலைக்கு முதலிலேயே விளிம்பில் நிற்கும் குளிர்தான். ஒரு டிகிரி நகர்ந்தாலும் தூக்கம் கெடும் மரம் அது.

வைகாசியில் கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பீச் கண்ணில் பட்டால் சிவப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். சிவப்பு வெயில் பட்டதைச் சொல்லும், பழுத்ததைச் சொல்லாது. காம்படியில் பச்சை போய் மஞ்சள் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மோந்து பாருங்கள். நாலைந்து பழம் வாங்கி, அங்கேயே சாலையோரத்தில் குனிந்து நின்று, சட்டையில் சாறு படாமல் தின்றுவிடுங்கள். விற்பவரிடம் அந்த வருஷத்துப் பனி எப்படி என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பழத்தின் ருசிக்கான காரணத்தை அவர் மார்கழியிலிருந்து சொல்லத் தொடங்குவார். எனக்கென்று பெட்டி கட்டி வர வேண்டாம். தாத்தாவாலேயே முடியாத காரியம் அது.